மேகக் கணிமையும் மலைச்சரக்கு ஏலமும்

ஏலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மலையில் விளையும் வாசனைச் சரக்கு ஒன்று. பலர் கூடி விலையை ஏற்றிக் கேட்கும் வியாபார முறை மற்றொன்று. முன்னது மிகத் தொன்மையான சொல். பின்னது போர்ச்சுகீசிய வணிகரோடு வந்து நம் மொழியில் கலந்தது என்பர் மொழியறிஞர். இவ்விரு பொருளும் ஒன்றாகக் கூடும் இடங்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த புற்றடி. மற்றது மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர். இரண்டுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடும், அம்முகட்டை ஒட்டியே செல்லும் மாநில எல்லையும் உள்ளன. காய் விளைவது பெரும்பாலும் மேலே. அதைத் தரம் பிரித்து நாடெங்கும் அனுப்பும் வியாபாரிகளில் பெரும் பகுதியினர் இருப்பது கீழே.

இந்த எல்லையைக் கணிப்பொறியின் துணையால் கடக்க முயன்ற வரலாறே இப்பாடத்தின் பொருளாகும். மேகக் கணிமை என்று இந்நாளில் வழங்கும் முறையைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் நகரத்துப் பெரிய நிறுவனங்களை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன. மின்சாரமும் கம்பியும் தடையின்றிக் கிடைக்கும் இடத்தில் அவ்விளக்கங்கள் பொருந்தும். உடும்பன்சோலையிலோ நெல்லியாம்பதியிலோ மழைக்காலத்தில் அமர்ந்து அவற்றைப் படிப்பவருக்குச் சில ஐயங்கள் எழுவது இயல்பே.

மேகம் எனப்படுவது யாது?

தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் வரைபடம் வரையும்போது, தமக்கு உட்புற விவரம் தேவைப்படாத வலைப்பின்னல் பகுதியை ஒரு மேகத்தின் உருவமாக வரைந்து விடுவது வழக்கம். அப்பழக்கத்திலிருந்தே பெயர் வந்தது. உண்மையில் அங்கே மேகம் எதுவும் இல்லை. பெரிய கட்டிடம் ஒன்று. அதனுள் அடுக்கடுக்காகச் சர்வர் எனப்படும் கணிப்பொறிகள். அவற்றைக் குளிர்விக்கும் யந்திரங்கள். மின்சாரம் நின்றால் இயங்கும் டீசல் ஜெனரேட்டர்கள். வெளியே செல்லும் கண்ணாடி இழைக் கம்பிகள். இதனைத் தரவு நிலையம் என்கிறோம். இந்தியாவில் இத்தகைய நிலையங்கள் மும்பை, சென்னை, ஹைதராபாத், டில்லி முதலிய நகரங்களையும் அவற்றின் சுற்றுப்புறங்களையும் சார்ந்து அமைந்துள்ளன. அமேஸான் நிறுவனம் இம்முறையில் கணிப்பொறித் திறனை வாடகைக்கு விடத் தொடங்கியது 2006-ஆம் ஆண்டில். அதன் மும்பை நிலையங்கள் 2016-இல் திறக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தென்னிந்திய நிலையம் சென்னையில் உள்ளது. மத்திய அரசாங்கமும் தன் துறைகளுக்காக ‘மேகராஜ்’ என்ற பெயரில் தேசியத் தகவல் மையத்தின் மூலம் இத்தகைய ஏற்பாடு ஒன்றை 2014-இல் தொடங்கியது.

அமெரிக்க நாட்டின் தரநிர்ணய நிலையம் 2011-இல் வெளியிட்ட இலக்கணம் இம்முறைக்கு ஐந்து அடையாளங்களைக் கூறுகிறது. வேண்டியபோது தானே எடுத்துக்கொள்ளலாம். வலைப்பின்னலின் வழியே எங்கிருந்தும் அணுகலாம். ஒரே யந்திரத் தொகுதியைப் பலர் பகிர்ந்து கொள்வர். தேவைக்கேற்ப அளவு விரியும், சுருங்கும். பயன்படுத்திய அளவு கணக்கிடப்படும். ஊர்ப்புறத்து உவமையால் கூறின், சொந்தமாக நெல் அரைவை யந்திரம் வாங்கி வைப்பதற்கும், மூட்டைக்கு இவ்வளவு என்று மில்லுக்குக் கொடுத்து அரைத்து வருவதற்கும் உள்ள வேறுபாடே இது. மில்லில் அரைப்பவர் யந்திரத்தின் பழுதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆயினும் மில் பூட்டியிருக்கும் நாளில் அவர் அரிசிக்கு வேறு வழி தேட வேண்டும்.

வாடகைக்குப் பெறுவதிலும் மூன்று படிகள் உண்டு. வெறும் கணிப்பொறித் திறனை மட்டும் பெற்று, செயலிகளைத் தாமே எழுதிக்கொள்வது முதற்படி. செயலி எழுதுவதற்கான கருவிகளையும் சேர்த்துப் பெறுவது இரண்டாவது. எழுதி முடிக்கப்பட்ட செயலியையே, கணக்குப் புத்தகம் போலவோ கடிதப் பெட்டி போலவோ, மாத வாடகைக்குப் பயன்படுத்துவது மூன்றாவது. மலைப்பகுதியின் சிறு வியாபாரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சந்திப்பது ஏறக்குறைய எப்போதும் மூன்றாவது வகையையே. படி உயர உயரப் பயன்படுத்துவோரின் வேலை குறைகிறது. அவர் கையிலுள்ள பிடியும் அதே அளவில் தளர்கிறது. இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால், பின்வரும் சாதக பாதகங்கள் யாவும் எளிதில் விளங்கும்.

புற்றடியும் போடியும்

ஏலக்காய் விற்பனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் காண்போம். தோட்டக்காரர் பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தி, துப்புரவு செய்து, உரிமம் பெற்ற ஏல நிறுவனத்தாரிடம் ஒப்படைக்கிறார். அவருடைய சரக்கு ஒரு லாட்டாகப் பதிவாகிறது. அதிலிருந்து எடுத்த மாதிரியை வியாபாரிகள் கையில் வைத்து நிறம், பருமன், மணம், லிட்டர் எடை ஆகியவற்றைக் கவனிக்கின்றனர். பிறகு லாட் ஒன்றன்பின் ஒன்றாக ஏலம் விடப்படுகிறது. மிகுந்த விலை கேட்டவருக்குச் சரக்கு. அவ்விலை திருப்தி அளிக்காவிடில் தோட்டக்காரர் சரக்கைத் திரும்பப் பெறலாம். ஒரு குடும்பம் பல மாதங்கள் காத்துப் பறித்த காயின் விலை இவ்வாறு மிகக் குறுகிய நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. விலையின் ஏற்ற இறக்கமும் சாதாரணமானதன்று. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய் வரை சென்றது. அதற்குமுன் கேட்டறியாத விலை அது. பின்னர் இறங்கவும் செய்தது.

முற்காலத்தில் வியாபாரிகள் வாயால் விலை கேட்டனர். 2007-இல் ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைப் புகுத்தியது. கூடத்தில் அமர்ந்த வியாபாரி பொத்தானை அழுத்த, விலை திரையில் ஏறிற்று. யார் முதலில் கேட்டார் என்ற தகராறு அநேகமாக ஒழிந்தது. எனினும் பங்குபெற விரும்புவோர் அந்தக் கூடத்திற்கு வந்தே ஆகவேண்டும். புற்றடியில் ஏலமென்றால் போடி வியாபாரி மலையேற வேண்டும். போடியில் ஏலமென்றால் வண்டன்மேட்டு வியாபாரி இறங்க வேண்டும். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டைஊசி வளைவுகளையும், மழைநாளில் அவற்றில் விழும் பாறைகளையும் அறிந்தோர்க்கு அதன் சிரமத்தை விளக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தடுப்புக்காக நாடு அடைக்கப்பட்டபோது ஏலங்கள் நின்றன. மே மாத இறுதியில் அவை மீண்டும் தொடங்கியபோதும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வாயில்களில் அனுமதிச் சீட்டும் பரிசோதனையும் இருந்தன. கூடத்தில் நெருங்கி அமர்வதும் இயலவில்லை. காய் மட்டும் நோயைப் பொருட்படுத்தாமல் பழுத்துக்கொண்டே இருந்தது. இந்நெருக்கடியின் பின்னணியில்தான், 2021 ஜனவரியில் வாரியம் மேகக் கணிமையைச் சார்ந்த ஏல முறையைத் தொடங்கியது. இதன்படி புற்றடியில் இருப்போரும் போடியில் இருப்போரும் அவரவர் நிலையத்தில் அமர்ந்தபடியே ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். ஏலம் நடக்கும் ‘கூடம்’ இப்போது இவ்விரு ஊர்களிலும் இல்லை. தொலைவிலுள்ள சர்வரில் இருக்கிறது.

தோட்டக்காரருக்கு இதனால் விளையக்கூடிய நன்மை கணக்கால் புலப்படும். கேட்போர் மிகுந்தால் விலை உயர வாய்ப்பு மிகும் என்பது ஏலத்தின் அடிப்படை. பத்துப் பேர் அமர்ந்த கூடத்தில் இருவர் ஒருவரோடொருவர் கண்ணசைவால் ஒப்பந்தம் செய்துகொள்வது கடினமன்று. பார்வைக்கு அப்பால் இருப்பவர் சேர்ந்தால் அது கடினமாகும். பிரயாணச் செலவும் காலமும் மிச்சம். ஒவ்வொரு கேள்வியும் நேரத்தோடு பதிவாவதால் பிற்பாடு சரிபார்க்கலாம். அன்றைய ஏலத்தில் வந்த சரக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு, மிகுந்த விலை என்ன, சராசரி விலை என்ன என்பவற்றை வாரியம் இணையத்தில் வெளியிடுவதால், ஏலத்திற்கே வராமல் உள்ளூர் மலைச்சரக்குக் கடையில் பத்து கிலோ விற்கும் சிறு விவசாயியும் தன் கைப்பேசியில் பார்த்துப் பேரம் பேச முடிகிறது. இந்தக் கடைசிப் பயனே மிகப் பெரியது என்று கருத இடமுண்டு. ஏனெனில் சிறு விவசாயிகளில் பலர் ஏலக்கூடத்தின் வாயிலையே மிதித்தவர் அல்லர்.

கணிமையால் தீராதவையும் உள. வாங்கிய காயையே வியாபாரிகள் மீண்டும் ஏலத்தில் சேர்த்து வரத்தைப் பெருக்கிக் காட்டுகின்றனர் என்ற குறை விவசாயிகளிடம் நெடுநாளாக இருந்து வருகிறது. பதிவேடு எவ்வளவு நுட்பமாக இருப்பினும், அதைப் படித்து நடவடிக்கை எடுப்போர் இல்லையேல் குறை அப்படியேதான் நிற்கும். பணம் கைக்கு வரும் தாமதமும் அத்தகையதே. விலை நொடியில் தீர்ந்தாலும், தொகை செலுத்துவது வியாபாரியின் வசதியையும் விதிகளின் கண்டிப்பையும் பொறுத்தது.

வாளையாறு காட்டிய பாடம்

இதே எல்லையில் வடக்கே, பாலக்காட்டுக் கணவாயில், இதையொத்த அனுபவம் வேறு வடிவில் கிடைத்தது. வாளையாறு சோதனைச் சாவடியில் வரிச் சீட்டைக் காட்டுவதற்காக லாரிகள் நீண்ட வரிசையில் நின்ற காலம் பலர் நினைவில் இருக்கும். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அவற்றிற்குப் பதிலாக, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு லாரி புறப்படுமுன்பே இணையத்தில் பயணச் சீட்டுப் பதிவு செய்யும் முறை வகுக்கப்பட்டது. இதனை ஈ-வே பில் என்பர். நாடு முழுவதற்கும் மையத்தில் ஒரே அமைப்பு.

2018 பிப்ரவரி 1-ஆம் தேதி அது கட்டாயமாக்கப்பட்டது. அன்றே இந்தியாவெங்கும் வணிகர்கள் ஒரே வேளையில் நுழைய, சுமை தாங்காமல் அமைப்பு தடுமாறிற்று. அன்று மாலைக்குள் கட்டாயம் ஒத்திவைக்கப்பட்டது. திறனைப் பெருக்கிப் பரிசோதித்த பின், ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையேயான சரக்குக்கு அது மீண்டும் வந்தது. கேரளத்துக்கு உள்ளேயே நடக்கும் போக்குவரத்துக்கு ஏப்ரல் 15 முதல் விரிவாயிற்று.

இதில் கவனிக்க வேண்டுவன இரண்டு. சாவடியில் ஒரு குமாஸ்தா நோயுற்றால் ஒரு வரிசை தாமதமாகும்; மைய அமைப்பு நின்றால் வாளையாறு முதல் வாகா வரை எல்லா வரிசைகளும் நிற்கும். முன்பு இருந்த இடர் பரவலானது, சிறியது, அன்றாடமானது. இப்போதுள்ளது அரிதானது, ஆனால் மிகப் பெரியது. அடுத்தது, சுமைக்கேற்ப விரிதல் என்று மேலே கூறிய குணம் தானாக வந்துவிடுவதன்று. எவ்வளவு விரிய வேண்டும் என்பதை முன்கூட்டி மதிப்பிட்டு, அதற்கேற்பச் செயலியை எழுதி, கூட்டத்தைப் போல் செயற்கைச் சுமையை ஏற்றிச் சோதித்த பின்னரே அது கைகொடுக்கும். ஏலக்காய் அறுவடை உச்சத்திலிருக்கும் மாதங்களில் வேலை மிகுந்தும், கோடையில் குறைந்தும் இருக்கும் மலைச்சரக்குத் தொழிலுக்கு இக்குணம் மிகவும் ஏற்றது. ஆண்டு முழுவதும் பெரிய யந்திரத்தை வாங்கி வைப்பதைவிட, வேண்டிய மாதங்களுக்கு மட்டும் கூலி கொடுப்பது சிக்கனம்.

மலையின் விளிம்பில்

மேக நிறுவனங்கள் தம் சேவை நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் தடையின்றி இயங்கும் என்று உறுதி கூறுவது வழக்கம். ஆண்டில் 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி. இது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அவ்வுறுதி தரவு நிலையத்தின் வாயிலோடு முடிகிறது. அங்கிருந்து தோட்டத்து ஸ்டோர் வரையுள்ள கம்பியும், ஸ்டோரில் எரியும் மின்விளக்கும் அந்த உறுதிக்குள் அடங்கா.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மலையூர் ஒன்றில் மின்சாரம் நூற்றுக்கு 98 பங்கு நேரமும், இணையக் கம்பி 98 பங்கு நேரமும் கிடைப்பதாகவும், ஒன்றன் தடை மற்றதைச் சாராதது என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே சமயத்தில் இருந்தாலன்றி வேலை நடவாது. ஆகவே 0.98-ஐ 0.98-ஆல் பெருக்கி, அதை 0.999-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 0.959. ஆண்டில் ஏறத்தாழ 15 நாட்களுக்குச் சமமான நேரம் வேலை தடைப்படும். அதில் மேக நிறுவனத்தின் பங்கு அரை நாளுக்கும் குறைவு. நிறுவனத்தை மாற்றி 99.99 உறுதி தருவோரிடம் சென்றாலும் இந்தப் பதினைந்து நாள் பதினைந்தாகவேதான் இருக்கும். ஒரு நல்ல பாட்டரியும், இரண்டாவது நிறுவனத்தின் இணைப்பும் வாங்கினால் அது பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். செலவை எங்கே செய்வது என்பதை இக்கணக்கே சொல்லிவிடுகிறது.

விளிம்பின் பலவீனம் வியாபார நஷ்டத்தோடு நிற்பதன்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கியின் பல ஊர்களுக்குச் சாலையும் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் அற்றுப்போயின. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு புதையுண்டபோது, மின்சாரம் அற்றுத் தொலைபேசிக் கோபுரமும் செயலிழந்திருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டப் பல மணி நேரம் ஆயிற்று. உயிரிழந்தோர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பெயர்ப் பதிவேடு, மருத்துவக் குறிப்பு, வருகைப் பட்டியல் ஆகிய அனைத்தையும் தொலைவிலுள்ள கணிப்பொறியில் வைத்துவிட்டு, ஊரில் ஒரு தாளும் வைக்காத பழக்கம் இத்தகைய இடங்களுக்கு உதவாது. களப்பணியாளர் எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும், இணைப்பு அற்றபோதும் பதிவு செய்து பின்னர் தானே அனுப்பும் வசதி அதில் உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். வண்ணத் திரையும் வரைபடமும் அதற்குப் பிற்பட்டவையே.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. புற்றடியிலிருந்து ஒரு சர்வருக்குக் கம்பி வழி 1,500 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர 3,000 கிலோமீட்டர். அதாவது ஒரு விநாடியின் 1,000 பங்கில் 15 பங்கு. இடையிலுள்ள யந்திரங்களின் தாமதம் சேர்ந்தாலும் மனிதன் உணரான். ஆனால் பூமியின் சுழற்சியோடு இணைந்து நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணைத்தால், 35,786 கிலோமீட்டர் உயரத்தை நான்கு முறை கடக்க வேண்டும். அரை விநாடி அதிலேயே கழியும். விலை ஏறிக்கொண்டிருக்கும் ஏலத்தில் அரை விநாடி பிந்திய கேள்வி செல்லாக் கேள்வியாகலாம். இரு கூடங்களை இணைக்கும்போது இருவர்க்கும் இணைப்பு ஒரே தரமாக இருக்க வேண்டும் என்பதும், ஒரு பக்கம் கம்பி அறுந்தால் ஏலத்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை முன்னரே எழுதி வைக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். இது பொறியியலன்று, நியாயத்தைப் பற்றிய விஷயம்.

திறவுகோல் யாரிடம்?

மேகத்தில் வைத்த கணக்கு அழியாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அதனைச் சோதித்த நிகழ்ச்சிகள் அண்மை ஆண்டுகளில் பல. பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரின் தரவு நிலையம் ஒன்று 2021 மார்ச் 10-ஆம் தேதி தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் படி வைக்காதோர் தம் விவரங்களை இழந்தனர். 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகர அரசாங்கத் தரவு நிலையத்தில் பாட்டரியிலிருந்து பற்றிய தீயில், அரசு ஊழியர் தம் வேலைக் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பு அமைப்பு வெளிப்படி இல்லாமையால் முற்றும் அழிந்தது. இதற்கு மாறான அனுபவமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியத்தைப் பேணும் யூனிசூப்பர் நிறுவனத்தின் கூகிள் மேகக் கணக்கு, அமைப்பில் நேர்ந்த ஒரு தவற்றால் 2024 மே மாதத்தில் நீங்கிவிட்டது. இரண்டு இடங்களில் வைத்த படிகளும் அதனோடு சென்றன. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த படியே அதை மீட்கப் பேருதவியாயிற்று. ஒரே வீட்டின் இரு அறைகளில் வைத்த இரண்டு பானைகள் தனித்தனிப் பத்திரம் ஆகா என்பதை இது காட்டுகிறது.

மலைத்தோட்டங்களில் இழப்பு இவ்வளவு பெரிய காரணத்தால் நேர்வதில்லை. தோட்டக் கணக்கைத் தொடங்கியவர் கணக்குப்பிள்ளை. பதிவு செய்தது அவருடைய கைப்பேசி எண். நுழைவதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் வருவதும் அந்த எண்ணுக்கே. அவர் வேலையை விட்டு மலையிறங்கினால் கணக்கும் அவரோடு இறங்கிவிடுகிறது. எண்ணை மாற்ற வேண்டுமெனில் பழைய எண்ணுக்கே மீண்டும் குறுஞ்செய்தி செல்கிறது. உதவிக்கு அழைத்தால் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ பதில் வருகிறது. முதலாளியின் பெயரில், சங்கமாயின் சங்கத்தின் எண்ணில், இருவர் அறியக் கணக்கைத் தொடங்குவது ஒரு மணி நேர வேலை. தவறினால் திருத்துவதற்கு ஒரு மாதமும் ஆகலாம்.

வாடகையின் தன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமுறை வாங்கிய கணக்குச் செயலி பழையதாயினும் இயங்கும். மாத வாடகைச் செயலி, வாடகை நின்ற மாதத்தோடு கதவடைக்கும். விலையை உயர்த்துவது நிறுவனத்தின் விருப்பம். அயல்நாட்டு நிறுவனமாயின் டாலர் மதிப்பும் அதில் சேரும். உள்நாட்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த ஜோஹோ போன்ற நிறுவனங்கள் ரூபாயில் கட்டணம் பெற்று, சென்னையிலும் மும்பையிலும் தரவு நிலையம் வைத்திருப்பதால், இந்த ஒரு தொல்லை குறைகிறது. வெளியேறும் வழி எங்கும் ஒரே கேள்விதான்: ஐந்து ஆண்டுக் கணக்கையும் வேறு செயலியில் படிக்கக்கூடிய வடிவில் ஒரே நாளில் இறக்கிக்கொள்ள முடியுமா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டால் விற்பவர் மகிழ்வோடு செய்து காட்டுவார். பின்னர் கேட்டால் அந்த மகிழ்ச்சி இராது.

வகுப்பறைக்கு

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இப்பொருளைக் கணிப்பொறி இல்லாமலே கற்பிக்கலாம். மாணவரை இரு குழுவாகப் பிரித்து இரு அறைகளில் அமர்த்துக. நடுவே தாழ்வாரத்தில் ஒரு மாணவர் ஏலம் விடுபவராக நிற்கட்டும். விலையைத் துண்டுச் சீட்டில் எழுதித் தூதுவர் மூலம் அனுப்ப வேண்டும். முதல் ஆட்டத்தில் இரு தூதுவர்க்கும் ஒரே தூரம் இருக்கட்டும். இரண்டாம் ஆட்டத்தில் ஒரு தூதுவர் மைதானத்தைச் சுற்றி வரட்டும். மூன்றாம் ஆட்டத்தில், யாருக்கும் சொல்லாமல், நடுவில் ஒரு தூதுவரை நிறுத்திவிடுக. தடைப்பட்ட அறையினர் எழுப்பும் கூச்சலே அடுத்த அரைமணி நேரப் பாடத்துக்குப் போதுமானது: நின்ற ஏலம் செல்லுமா, யார் தீர்ப்பளிப்பது, சீட்டுகளை யார் பத்திரப்படுத்துவது, பொருளுக்கு உரியவன் சம்மதித்தானா?

ஆட்டத்துக்கு முன்பு ஒரு சிறு பொட்டலம் ஏலக்காயை ஓர் அறையினர்க்கு மட்டும் காட்டி, மற்ற அறையினர்க்கு வாயால் வருணித்துப் பார்ப்பதும் நன்று. காயைப் பார்க்காதவர் துணிந்து விலை கேளார். புற்றடி, போடி ஏலத்திலும் இதே நிலைதான். கேள்வி கண்ணாடி இழையில் ஒளியாகச் செல்கிறது. நிறத்தையும் பருமனையும் படமாகவும் அனுப்பலாம். மணத்தை அனுப்பும் கம்பி இன்னும் இல்லை. ஆகவே ஏலத்துக்கு முன் ஒவ்வொரு லாட்டின் மாதிரிப் பொட்டலமும் மறு நிலையத்து வியாபாரிகளின் மேஜைக்குச் சேர்ந்தாக வேண்டும். அது செல்வது பழைய மலைப்பாதையில், ஜீப்பில்.